மார்பகப் புற்று சூற்பைக்குப் பரவுதல்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய மாதொருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து அடிவயிறு உப்புகிறது. சூற்பையில் கட்டி என்கிறார் மருத்துவர். பழைய நோயே பரவியதா, அன்றிப் புதிய நோயா? இதனைத் தெளியாமல் மருந்து தொடங்குதல் தகாது. இரண்டிற்கும் சிகிச்சை வேறு.

மார்பகப் புற்று பரவும்போது பெரும்பாலும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றையே நாடுகிறது. 1889-இல் இங்கிலாந்து மருத்துவர் ஸ்டீபன் பேஜட் இதனை விதைக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டார். விதை எங்கும் விழலாம். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் அத்தகைய மண்ணாவது பெரிதும் சூற்பையே; கருப்பையை நோய் எட்டுவது அரிது. பாற்குழாய்களில் தோன்றும் வகையைவிட, 'லோபுலர்' என்னும் வகையே சூற்பைக்குச் செல்லும் இயல்பு மிக்கது. உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-காடெரின் என்ற புரதம் அவ்வகையில் குன்றியிருப்பதால், அவை கதிரினின்று உதிரும் நெல்மணிபோலத் தனித்தனியே பிரிந்து ஊடுருவுகின்றன. பரவிய கட்டி பல சமயம் இரு சூற்பைகளிலும் காணப்படும். தொடக்கத்தில் வேதனை தராமலும் இருக்கும்.

அச்சம் கொள்ளுமுன் ஒன்று அறிதல் வேண்டும். இத்தகைய மாதரிடம் காணும் சூற்பைக் கட்டிகளில் தீங்கற்றவையும் உண்டு. அங்கேயே புதிதாகத் தோன்றிய புற்றும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பழுதுள்ள குடும்பங்களில் மார்பகம், சூற்பை இரண்டிலும் தனித்தனியே நோய் தோன்றக்கூடும். டமாக்சிபென் மாத்திரை உண்போரில் மாதவிடாய் நின்றோருக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்று தோன்றும் வாய்ப்புச் சற்றே மிகுகிறது. (அதற்கஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேதைமை என்பது நம் கருத்து, அதன் நன்மை பெரிது.) மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஐயத்தைத் தீர்ப்பது திசுப் பரிசோதனை. புதிய கட்டியின் துணுக்கைச் சாயமேற்றி, பழைய மார்பகக் கட்டியின் துணுக்கோடு ஒப்பிடுவர். அப்பழைய துணுக்கை மெழுகில் பதித்து, முன்னர் அறுவை நடந்த மருத்துவமனையில் வைத்திருப்பர். அடையாற்றில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெற்று, பின்னர் மும்பையிலோ தில்லியிலோ குடியேறியோர் இதனை நினைவிற்கொள்க. அறிக்கைகளின் நகல் கைவசம் இருக்கட்டும். மெழுகுத் துணுக்கையும் கேட்டுப் பார்க்கலாம்.

உள்ளூர் மொழி அறியாத தாயார், வயிற்று உப்பசத்தை அஜீரணம் என்று ஒதுக்கலாம். உதிரப்போக்கை மருமகன் முன்னிலையில் உரைக்கக் கூசலாம். மொழிபெயர்க்க மகளோ அண்டைவீட்டு மாதோ உடன் செல்வது நலம். மருத்துவரிடம் முதலிற் கூறவேண்டியது, 'இவருக்கு முன்பு மார்பகப் புற்று இருந்தது' என்பதே.