இரண்டு இணைய இணைப்புக்கு ஒரு ரவுட்டர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்புகளை ஒரே வீட்டில் சேர்த்து, ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொள்ளும் கருவி டூயல் வேன் ரவுட்டர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இணையவழித் தேர்வு எழுதுபவர்களுக்கும் இது ஆடம்பரமல்ல. ஆனால் வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 100 எம்பிபிஎஸ் இணைப்புகள் இரண்டைச் சேர்த்தாலும் ஒரு கோப்பு 200 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்காது. லோடு பேலன்சிங் வசதி ஒவ்வொரு தொடர்பையும் ஏதேனும் ஓர் இணைப்பின் வழியே அனுப்புமே தவிர, ஒரே தொடர்பை இரண்டாகப் பிளப்பதில்லை. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வீட்டில் நெரிசல் குறையும், அவ்வளவுதான். வங்கித் தளத்தில் இருக்கும்போது ஐபி முகவரி மாறினால், தளம் பயனரை வெளியேற்றிவிடவும் கூடும். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு ஃபெயில்ஓவர் முறையே பொருத்தம்: ஓர் இணைப்பு ஓடும், மற்றது காத்திருக்கும்.

ஃபெயில்ஓவரின் உயிர் பழுதைக் கண்டறியும் விதத்தில் இருக்கிறது. தெருவில் ஃபைபர் அறுந்தாலும், வீட்டில் அந்த ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் மின்சாரம் இருக்கும்; அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளும் இயங்கும். கேபிளை மட்டும் கவனிக்கும் ரவுட்டர், இணையம் இருப்பதாகவே கருதி மாறாமல் நின்றுவிடும். 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை பிங் அனுப்பிச் சரிபார்க்கும் ரவுட்டரே உதவும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். சோதிக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது. ஓஎன்டியில் உள்ள ஃபைபர் செருகியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனையை உற்றுப் பார்ப்பதும் விரலால் தொடுவதும் கூடாது. இணைப்பு மாறும் நேரத்தில் வீடியோ அழைப்பு சற்றே அறுந்து மீளும், அது பழுதல்ல.

இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரு புயலே இரண்டையும் வீழ்த்திவிடும். எனவே ஒன்று ஃபைபராகவும் மற்றது 4ஜி அல்லது 5ஜி ஆகவும் இருப்பது நல்லது. அதற்கேற்ப ரவுட்டரில் சிம் துளையோ, மோடத்தை ஏற்கும் யுஎஸ்பி வசதியோ வேண்டும். டிபி-லிங்க் இஆர்605 போன்ற மலிவான சில கருவிகளில் வைஃபை கிடையாது. அதற்குத் தனிக் கருவி வாங்கியாக வேண்டும். ஓஎன்டியும் ரவுட்டரும் இன்வெர்ட்டரிலோ சிறு யுபிஎஸ்ஸிலோ இல்லையென்றால், மின்தடையின்போது இரண்டு இணைப்பும் பயனற்றவை.

ரவுட்டர் வீட்டின் வாசலில் நிற்கும் கணினி. 2018இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டு வாங்குவதும், முதல்நாளே கடவுச்சொல்லை மாற்றுவதும், தொலைவிலிருந்து இயக்கும் வசதியை இரு இணைப்புகளிலும் அணைப்பதும் அவசியம்.

இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டு ரவுட்டரின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியைத் தவிர்ப்பதே நல்லது. பழுதானால் உத்தரவாதம் கேட்க ஆளிருக்காது. சொல்லப்பட்ட வசதி கருவியில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

இரண்டாவது இணைப்பு கைகொடுப்பதால் முதலாவதன் பழுதைப் புகார் செய்யாமல் விடுவதும் உண்டு. அது இழப்பு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, 3 நாளுக்கு மேல் பழுது நீக்கப்படாவிட்டால் இழப்பீடு பெற உரிமை உண்டு. புகார் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். ரவுட்டரின் பதிவேட்டில் இணைப்பு அறுந்த நேரங்கள் இருக்கும், அது சான்றாகும். தீர்வு திருப்தியளிக்காவிட்டால், 30 நாளுக்குள் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.