தேக்காவில் அன்னதானம்: பந்திக்கு வர இயலாதவர்

தைப்பூசத் திருநாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகளும் பால்குடங்களும் புறப்பட்டு, 1859இல் நகரத்தார் பெருமக்கள் எழுப்பிய டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை வந்தடைகின்றன. வேலவனைத் தரிசித்த அன்பர்க்கு அன்னதானம் உண்டு. யார், எவர் என்று வினவுவார் இல்லை. விழா நாளில் அன்னத்துக்கும் குறைவில்லை, உபயதாரர்க்கும் குறைவில்லை.

குறைவெல்லாம் மற்ற நாள்களில்தான். பசிக்குத் திதியும் நட்சத்திரமும் கிடையா. வள்ளற்பெருமான் 1867இல் வடலூர் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிவதன் பொருள் அதுவே.

தேக்கா வட்டாரத்துக்கு உழைப்பாளர் கூட்டம் புதிதன்று. சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலாளர் வழிபட்டமையால் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கு முன்னாளில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் வழங்கியது. இந்நாளில் ஞாயிறுதோறும் திரளும் கட்டுமான ஊழியர்கள் பந்திக்கு வந்துவிடுவர். வர இயலாதவர், அடுக்குமாடியின் ஓரறை வாடகை வீட்டில் தனித்திருக்கும் முதியவர். முழங்கால் நோவு ஒரு தடை. பிறர் பார்க்கக் கையேந்துவதா என்ற கூச்சம் மற்றொன்று. பின்னதே பெரிது.

2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமிப்பரவலால் ஆலயங்கள் மூடப்பட்டுப் பந்திகள் நின்றபோது, உணவுதான் வீடு தேடிச் செல்லவேண்டியதாயிற்று. அவ்வழி சிங்கப்பூருக்குப் புதிதன்று. 2003இல் தொடங்கிய 'வில்லிங் ஹார்ட்ஸ்' அமைப்பின் தொண்டூழியர்கள் விடியுமுன் அடுப்பு மூட்டி, இன மத பேதமின்றி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்களைத் தீவெங்கும் அனுப்பி வந்துள்ளனர். அதன் நிறுவனர் டோனி டே 2017இல் மகசேசே விருது பெற்றார்.

பந்திச் சமையல் வேறு, பொட்டலச் சமையல் வேறு. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது இந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே வெந்த சோறு ஆற, கட்ட, கொண்டுசெல்ல எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பாயசமின்றி அன்னதானமா என்று மனங்குறைப்படும் உபயதாரர்கள், உண்பவர் நீரிழிவு நோயாளியாயிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம். பிறந்தநாளும் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் உபயத்துக்கு முந்திக்கொள்கின்றன. பெயரில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை ஏற்றுக்கொள்ள எத்தனை பேர் முன்வருவர்?

பொட்டலம் கொண்டுசெல்லும் தொண்டூழியர்க்கு மற்றொரு பணியும் தானே வந்து சேர்கிறது. நேற்றைய உணவு கதவில் தொங்கியபடியே இருந்தால், உள்ளே இருப்பவருக்கு என்ன நேர்ந்ததோ என்று முதலில் பதறுபவர் அவரே.