முப்பது வாக்குகளும் ஒரு மாநிலமும்



நம் மொழிக்கழகத்தின் சொற்போர் ஒன்றில், மரண தண்டனை தொடர வேண்டும் என வாதிட்ட அணியில் நான் இருந்தேன். செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் களையெடுப்பு உவமையை எடுத்து வைத்தேன். எதிரணியினர் கொல்லாமை அதிகாரத்தைக் காட்டினர். வெற்றி எங்களுக்கே கிடைத்தது. சுழற்கிண்ணத்தோடு படமும் எடுத்துக்கொண்டோம். அரங்கில் வென்றுவிட்டால் அந்தக் கருத்து மக்களிடமும் வென்றுவிடும் என்றே அன்று நம்பினேன். அந்த நம்பிக்கை நெப்ராஸ்காவில் உடைந்தது.

2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனுக்குச் சென்றேன். அங்கே ஒரு தோழி என்னைத் தொண்டர் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். மரண தண்டனையை ஒழிக்க மாநிலம் முழுவதும் இயங்கிய அமைப்பின் கூட்டம் அது. முதல் நாளே அவர்கள் சொன்ன பியாட்ரிஸ் நகர வழக்கு என் பழைய வாதத்தை ஆட்டம் காண வைத்தது. 1985-இல் அந்த ஊரில் ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் அறுவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் முழு விசாரணைக்குப் போகாமலேயே பணிந்துவிட்டனர். மரண தண்டனை கிடைக்கும் என்ற அச்சமே அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2008-இல் மரபணுச் சோதனை வேறொருவனைக் காட்டியது. அவனோ அதற்கு முன்பே இறந்து போயிருந்தான். களை என்று எண்ணிப் பயிரையே பிடுங்கும் ஆபத்தை அன்று உணர்ந்தேன்.

கணக்கும் காதும்

இத்தகைய அமைப்பு எப்படி இயங்குகிறது? அமெரிக்காவில் பெரும்பாலான குற்றங்களுக்கு அந்தந்த மாநிலமே சட்டம் இயற்றுகிறது. ஆகவே போராட்டமும் மாநிலம் மாநிலமாகவே நடக்கிறது. நெப்ராஸ்காவில் ஒரே அவைதான். உறுப்பினர்கள் 49 பேர். அலுவலகத்தில் எல்லாரும் மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். மசோதா நிறைவேற 25 வாக்குகள் தேவை. பேசிப் பேசியே இழுத்தடிப்போரை நிறுத்த 33 வாக்குகள் தேவை. ஆளுநரின் மறுப்பை முறியடிக்க 30 வாக்குகள் தேவை.

அடுத்த வேலை, ஒவ்வோர் உறுப்பினரும் எதற்குச் செவி சாய்ப்பார் என்று அறிவது. சமயப் பற்றுள்ளவரிடம் உயிரின் புனிதத்தைப் பற்றிப் பேசினர். சிக்கனம் பேசுபவரிடம் செலவுக் கணக்கைக் காட்டினர். 1997-க்குப் பிறகு அங்கே ஒருவருக்கும் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. வழக்குச் செலவு மட்டும் நிற்கவில்லை. அந்த 2015-இல் அரசாங்கம் மரண ஊசிக்கான மருந்துகளுக்காக இந்தியாவின் கொல்கத்தாவிலிருந்த ஒரு தரகருக்கு 54,000 டாலருக்கு மேல் செலுத்தியது. மருந்து வந்து சேரவே இல்லை. கொலையுண்டோரின் உறவினர் சிலரும் தண்டனை வேண்டாம் என்று முன்வந்து பேசினர்.

ஓமஹா நகரின் உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ் பல்லாண்டுகளாக விடாமல் இம்மசோதாவைக் கொண்டு வந்தவர். 1979-இல் அவை ஏற்றும், அன்றைய ஆளுநர் அதை மறுத்துவிட்டார். 2015 மே மாதத்தில் அவை மீண்டும் ஏற்றது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் மறுத்தார். மே 27-ஆம் நாள் அம்மறுப்பின் மீது வாக்கெடுப்பு நடந்தது. 30-க்கு 19! தேவைப்பட்டது 30, கிடைத்ததும் 30. அலுவலகத்தில் அழாதவர் இல்லை.

வெற்றிக்குப் பின்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அம்மாநிலத்தில் மக்கள் போதிய கையெழுத்துகளைத் திரட்டினால், அவை இயற்றிய சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு வரலாம். மூன்றே மாதங்களுக்குள் எதிர்த் தரப்பினர் 1,66,000-க்கும் அதிகமான கையெழுத்துகளை ஒப்படைத்தனர். ஆளுநரும் தம் சொந்தப் பணத்தை அதற்கு வழங்கினார். சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே நிறுத்தி வைக்கப்பட்டது.

2016-இல் வாக்காளர்களைத் தொலைபேசியில் அழைக்கும் பணியில் நானும் இருந்தேன். ஒரு மாலை, சிற்றூர் ஒன்றிலிருந்து பேசிய வயதான அம்மையார் ஒருவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "முப்பது பேர் முடிவெடுத்தார்கள். என்னை யாராவது கேட்டார்களா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அக்கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது என் தாய்மாமா கொலை செய்யப்பட்டார். வழக்கு எந்த நாளில் நடக்கிறது என்பதைக்கூடப் பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை. தீர்ப்பையே பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அறிந்தார். "பெத்தவ நான் இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கொன்றவனைத் தூக்கிலிட வேண்டும் என்று அவர் சொன்னதுண்டு. ஆனால் அதைவிட அதிகமாகச் சொன்னது இதைத்தான்.

அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் மரண தண்டனை இருக்கட்டும் என்றனர். 2018 ஆகஸ்டு 14-ஆம் நாள் அங்கே மீண்டும் ஓர் உயிர் ஊசியால் பறிக்கப்பட்டது. அச்செய்தியைக் கோலாலம்பூரில் படித்தேன்.

நமக்கு என்ன?

அதே 2018-இன் அக்டோபரில் நம் நாட்டு அரசாங்கம் மரண தண்டனையை முற்றாக ஒழிக்கப் போவதாக அறிவித்தது. கொலையுண்டோரின் குடும்பத்தினர் உள்ளிட்ட பலர் எதிர்த்தனர். அடுத்த ஆண்டே அரசாங்கம் பின்வாங்கி, கட்டாய மரண தண்டனையை மட்டும் நீக்குவதாகக் கூறியது. 2023 ஜூலை 4-ஆம் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1,000-க்கும் மேற்பட்ட கைதிகள் தங்கள் தண்டனையை மறுஆய்வு செய்யக் கோரும் வாய்ப்பைப் பெற்றனர். இனி நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம். 30 முதல் 40 ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம். தண்டனை இன்னும் ஒழியவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் நீதிபதியிடம் வந்துள்ளது.

இத்தண்டனை வேண்டாம் என்பதே இன்று என் நிலைப்பாடு. ஆயினும் நெப்ராஸ்கா எனக்குக் கற்றுத் தந்தது வேறு. 30 வாக்குகளைச் சேர்ப்பது ஒரு வேலை. மக்களிடம் காது கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது நிலைக்காது. இழந்தவர்களின் வீட்டு வாசலில் தொடங்காத எந்த ஒழிப்பு இயக்கமும் பாதியைத்தான் செய்கிறது.

தம்பி தங்கைகளே! அடுத்த சொற்போரில் இத்தலைப்பு வந்தால் இரு பக்கமும் நன்றாக வாதிடுங்கள். பிறகு வீட்டுக்குச் சென்று, உங்கள் பாட்டியிடம் அவர் கருத்தைக் கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் கேளுங்கள். நான் என் பாட்டியிடம் அதைச் செய்யவில்லை.