வாரச் சொந்தம், வருஷக் கப்பம்

யானை வாங்கப் போகிறவன் யானையின் விலையைப் பற்றித்தான் பேரம் பேசுவான். தீனியைப் பற்றிய ஞாபகம், யானை வாசலில் வந்து நின்ற மறுநாள்தான் அவனுக்கு வரும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இத்தகைய யானை ஒன்றைக் கட்டிக்கொண்டு விழிக்கின்றன. அதற்கு ‘டைம்ஷேர்’ என்று பெயர்.

கடற்கரையிலோ மலைவாசஸ்தலத்திலோ ஒரு விடுதி. அதில் சமையலறையுடன் கூடிய ஒரு ஜாகை. வருஷத்துக்கு 52 வாரம் அல்லவா? ஜாகையை வாரம் வாரமாகக் கூறு போட்டு ஐம்பது குடும்பங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் ஆண்டுதோறும் தமக்குரிய வாரத்தில் பெண்டு பிள்ளைகளுடன் வந்து தங்கலாம். 1960-களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் தோன்றிய இந்த யோசனை, 1970-களில் அமெரிக்கா சென்று, பிளாரிடா மாகாணத்தில் வேரூன்றித் தழைத்தது. இப்போது வாரத்துக்குப் பதில் ‘பாயிண்டு’க் கணக்கில் விற்பதே பெருவழக்கு. பெயர்தான் மாறியது, பொறுப்பு மாறவில்லை.

பிளாரிடாவின் ஆர்லாண்டோ நகரில் டிஸ்னி கேளிக்கை நகரத்தைக் காணக் குழந்தைகளுடன் வருகிறவர்களிடம் இது எப்படி விற்கப்படுகிறது என்பது தனிக் கதை. இலவசச் சிற்றுண்டி, சலுகை விலையில் டிக்கெட்டு, “ஒன்றரை மணி நேரம் எங்கள் பேச்சைக் கேட்டால் போதும்” என்ற உபசாரம். ஒன்றரை மணி அரை நாளாகிறது. குழந்தை அழுகிறது, தகப்பனார் கையெழுத்துப் போடுகிறார்.

விலையோடு கதை முடிவதில்லை. கூரை ஒழுகினால் அடைக்கவேண்டும். மின்தூக்கி நின்றால் பழுது பார்க்கவேண்டும். சிப்பந்திகளின் சம்பளம், சொத்து வரி, இன்ஷூரன்ஸ், பிற்காலத்துப் பெரும் பழுதுகளுக்கான சேமநிதி எல்லாவற்றையும் கூட்டிச் சொந்தக்காரர் தலைக்கு இவ்வளவு என்று வருஷந்தோறும் வசூலிக்கிறார்கள். இதுவே பராமரிப்புக் கட்டணம். இன்று அமெரிக்காவில் இதன் சராசரி ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல். நீங்கள் போய்த் தங்கினாலும் சரி, படுத்த படுக்கையாக வீட்டில் கிடந்தாலும் சரி, கட்டியே தீரவேண்டும்.

கூட்டு வட்டிக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்த நமக்கு, இங்கேயும் அந்தக் கணக்குத்தான் கண்ணில் படுகிறது. 1,000 டாலர் கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால் பதினான்கு வருஷங்களில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 8 வீதம் ஏறினால் ஒன்பதே வருஷம். நாற்பத்தைந்து வயதில் உற்சாகமாக வாங்கியவர், எழுபது வயதில் உபகாரச் சம்பளத்திலிருந்து இதை எடுத்துக் கட்டவேண்டும். உபகாரச் சம்பளம் அந்த வேகத்தில் ஏறுவதாக எந்த நாட்டிலும் நாம் கேள்விப்பட்டதில்லை.

ஏற்றத்துக்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. கட்டடங்களுக்கு வயதாகிறது. 2022 செப்டம்பரில் ‘இயான்’ என்ற சூறாவளி பிளாரிடாவின் மேற்குக் கடற்கரையைத் துவம்சம் செய்தது. அம் மாகாணத்தில் அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருந்த இன்ஷூரன்ஸ் கட்டணம் பின்னும் ஏறிற்று. சேமநிதி போதாமற்போனால் ‘விசேஷ வரி’ என்று தனியே ஒரு தொகையும் கேட்பார்கள். நியாயமென்று சொல்லத் தயங்கவேண்டிய காரணமும் ஒன்று உண்டு. பல விடுதிகளில் நிர்வாகக் கம்பெனியின் ஊதியம் மொத்தச் செலவில் இத்தனை சதவிகிதம் என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. செலவு ஏறினால் ஊதியமும் ஏறும் என்றால், சிக்கனம் பிடிப்பதில் யாருக்குத்தான் சிரத்தை இருக்கும்?

அப்படியானால் கட்டாமல் இருந்துவிடலாமா? சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாக்கிக்கு வட்டியும் அபராதமும் ஏறும். சொத்தின் மீது பற்று விழும். முடிவில் ஏலத்துக்கும் வரலாம். கடன் வாங்கும் யோக்கியதையும் கெட்டுப்போகும். சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், கட்டாதவர் கம்பெனியைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு அண்டை வீட்டாரைத்தான் தண்டிக்கிறார். ஐம்பது பங்குதாரர் ஆளுக்கு 1,000 டாலராக 50,000 டாலர் செலவைத் தாங்குவதாகக் கொள்வோம். பத்துப் பேர் நின்றுவிட்டால் மீதி நாற்பது பேர் தலையில் 1,250 விழுகிறது. அதைக் கண்டு இன்னும் ஐந்து பேர் நிற்பார்கள். ஆகவே, பங்குதாரராக இருக்கும் வரையில் கட்டுவதுதான் முறை என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் ‘இருக்கும் வரையில்’ என்பது எதுவரையில்? இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. பழைய பத்திரங்கள் பலவற்றில் காலவரையறையே இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை சொந்தம்! விற்கலாமென்றால் வாங்குவாரில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாரத்தை ஒரே ஒரு டாலருக்குத் தருவதாக விளம்பரம் செய்தும் கொள்வாரற்றுக் கிடக்கிறது. பெற்றோர் காலமானால் பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது. அவர்கள் அந்த ஆஸ்தி வேண்டாமென்று சட்டப்படி எழுதிக் கொடுத்து மறுக்கலாம். விவரம் தெரியாமல் ஒரு முறை கட்டணத்தைச் செலுத்திவிட்டால், பிறகு மறுப்பது சிரமம்.

ஸ்பெயின் தேசத்தார் இவ்விஷயத்தில் விவேகிகள். 1998-இல் அவர்கள் இயற்றிய சட்டம் இத்தகைய உரிமைக்கு 50 ஆண்டு என்று எல்லை வகுத்தது. அதற்குப் பின்னும் சாசுவத ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாறு விற்றது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் இவ் வியாபாரம் உண்டு. ஆனால் இங்கே பெரும்பாலும் 25 வருஷம் போன்ற வரம்புடைய அங்கத்துவமாகவே விற்கிறார்கள். வருஷ சந்தா இங்கேயும் உண்டு என்பதைக் கையெழுத்திடுமுன் கவனிக்கவேண்டும்.

வெளியேற வழி தெரியாமல் தவிப்பவர்களைச் சுற்றித் திருடர்களும் வட்டமிடுகிறார்கள். “உங்கள் பங்கை வாங்க ஆள் இருக்கிறது, முன்பணம் மட்டும் அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் குழைகிறார்கள். மெக்ஸிகோவைச் சார்ந்த இம்மாதிரி மோசடிகளில் மாத்திரம், 2019 முதல் 2023 வரையில் சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாக அந்நாட்டுத் துப்பறியும் இலாகாவில் முறையிட்டிருக்கிறார்கள். இவர்களில் பலர் வயோதிகர்கள்.

பெரிய கம்பெனிகள் சில, கடனும் பாக்கியும் இல்லாத பத்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சமீப ஆண்டுகளில் இசைந்திருக்கின்றன. எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லவில்லை. எனினும் தரகனிடம் பணத்தைக் கொடுக்குமுன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நஷ்டமில்லை. புதிதாக வாங்கியவருக்கோ பிளாரிடாச் சட்டம் பத்து நாள் தவணை தருகிறது. அதற்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் கொடுத்த பணம் திரும்பி வரும். ஐரோப்பாவில் பதினான்கு நாள். ஆனால் வாங்குகிறவர் விடுமுறையில் வந்தவர் அல்லவா? ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பி, மூட்டை முடிச்சுகளை அவிழ்த்து, நூறு பக்கப் பத்திரத்தைக் கையில் எடுக்கும்போது இரண்டு மூன்று நாளே பாக்கியிருக்கும்.