கடலுக்குப் பெயர் வைத்தவர்கள்

பழைய கிரேக்க மொழியில் கடலைச் சொல்லப் பல சொற்கள் இருந்தன. 'ஹால்ஸ்' என்பார்கள், உப்பு என்று பொருள். 'பொன்டோஸ்' என்பார்கள், அது கடந்துபோகும் தடம், வடமொழியில் வழியைக் குறிக்கும் 'பந்தா'வின் உறவுக்காரச் சொல். ஆனால் வாழ்க்கைப் பேச்சில் நிலைத்து, இன்றைய கிரேக்க மீனவர் வாயிலும் புழங்குவது 'தலஸ்ஸா'. இந்தச் சொல்லுக்கு வேர் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறார்கள். லத்தீனில் 'மாரே' என்று இருக்கிறதே, அந்த வகைச் சொல் ஜெர்மானிய, கெல்டிக், ஸ்லாவிய மொழிகளிலெல்லாம் உண்டு. கிரேக்கத்தில் அது இல்லை. 'தலஸ்ஸா'வோ உறவு மொழிகள் எதிலும் இல்லை.

கப்பலும் தீவும் துறைமுகமுமாக வாழ்ந்த ஒரு மக்களுக்குக் கடலைக் குறிக்கும் சொல்லே கடன். இதைப் படித்த நாள்முதல் என்னால் பண்டைய கிரேக்கத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. கிரேக்க மொழியின் முன்னோடியைப் பேசியவர்கள் வடக்கிலிருந்து, நிலத்தால் சூழப்பட்ட பகுதிகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். வந்த இடத்தில் எதிரே நீலமாக விரிந்து கிடந்ததை, அதன் கரையில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் எப்படி அழைத்தார்களோ அப்படியே இவர்களும் அழைத்தார்கள் என்பதுதான் மொழியியலாளர்களில் பெரும்பாலோரின் கணிப்பு.

ஒரு சொல்லோடு இது முடிவதில்லை. கொரிந்தோஸ், ஸாகிந்தோஸ் என்று 'ந்தோஸ்' போட்டு முடிகிற இடப்பெயர்களும், க்னொஸ்ஸோஸ், பர்னஸ்ஸோஸ் என்று 'ஸ்ஸோஸ்' போட்டு முடிகிறவையும் கிரேக்கத்தால் விளக்க முடியாதவை. குளிக்கும் தொட்டிக்குச் சொன்ன 'அசமின்தோஸ்', சுட்ட கல்லுக்குச் சொன்ன 'ப்ளின்தோஸ்', சைப்ரஸ் மரத்துக்குச் சொன்ன 'குபாரிஸ்ஸோஸ்' எல்லாம் அதே கூட்டம். வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்தவை அப்பா, அம்மா, குதிரை, எண்கள், வானத்துக் கடவுள் ஸியூஸ். ஊரும் மரமும் குளியல் தொட்டியும் அங்கே இருந்தவர்களுடையவை.

அப்படி அங்கே என்னதான் இருந்தது? முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுமக்கும் பாறைத் தட்டு, கிரீட் தீவுக்குத் தெற்கே ஏஜியன் பகுதியின் அடியில் புகுந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் விளைவாக மேலே இருக்கும் நிலம் இழுபட்டு, மெலிந்து, பல இடங்களில் தாழ்ந்து நீருக்குள் போய்விட்டது. ஏஜியன் கடலின் தீவுகள் பெரும்பாலும் மூழ்கிய மலைகளின் உச்சிகள். அதனால் கிரேக்க நிலப்பகுதியிலிருந்து துருக்கிக் கரை வரை படகில் போகிறவர் தெளிவான நாளில் ஏதாவது ஒரு மலைமுகட்டைப் பார்த்தபடியே போகலாம். ஒரு தீவு பின்னால் மறைவதற்குள் அடுத்தது முன்னால் எழும். கடலோடப் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் உலகில் அதிகம் இல்லை.

மனிதர்கள் அந்தப் பள்ளியில் எவ்வளவு முன்பே சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு கறுப்புக் கல் சாட்சி. தெற்கு கிரேக்கத்தின் ஃப்ராங்க்தி குகையில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்ணடுக்கில், எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் கிடைத்தன. தட்டினால் சவரக்கத்தியாக உடையும் கல் அது. அதன் வேதியியல் கையெழுத்து மீலோஸ் தீவுடையது. அங்கிருந்து குகைக்குத் தொலைவு 100 கிலோமீட்டருக்கு மேல். அன்று கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் இடைவெளிகள் இன்றைவிடக் குறுகலாகவே இருந்திருக்கும். இருந்தாலும் படகில்லாமல் அந்தக் கல் வந்திருக்க வழியே இல்லை. விவசாயம் அந்த மண்ணுக்கு இன்னும் வந்திராத காலம். கிரேக்க மொழி வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் இருந்தன.

விவசாயமும் கடல்வழியேதான் வந்தது. கி.மு. 7000 வாக்கில் யாரோ சிலர் கோதுமை விதையையும் ஆட்டையும் மாட்டையும் பன்றியையும் படகில் ஏற்றிக்கொண்டு கிரீட் தீவில் இறங்கி, பிற்காலத்தில் க்னொஸ்ஸோஸ் அரண்மனை எழப்போகும் மேட்டில் குடியேறினார்கள். மிரண்டு துள்ளும் கால்நடையைச் சின்னப் படகில் கட்டிக்கொண்டு திறந்த கடலைத் தாண்டியவர்களின் துணிவை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

நிலம் தாராளமாகக் கொடுக்கும் இடமல்ல அது. மலையும் சுண்ணாம்புப் பாறையும் போக உழுவதற்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். ஏதென்ஸ் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். கோதுமை அடிக்கடி பொய்க்கும், பார்லி தாக்குப்பிடிக்கும். சரிவுகளில் ஒலிவமும் திராட்சையும் வேரூன்றிக்கொண்டன. உலோகத்திலும் ஒரு குறை. வெண்கலம் செய்ய ஒன்பது பத்துப் பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் வேண்டும். அந்த வெள்ளீயம் ஏஜியன் பகுதியில் இல்லை. 1982இல் துருக்கியின் உலுபுருன் முனைக்கு அருகே கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்ட கப்பல் இதைக் கண்முன் நிறுத்துகிறது. கி.மு. 1300 வாக்கில் மூழ்கிய அந்தக் கப்பலில் சுமார் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. பத்துக்கு ஒன்று, வெண்கலத்தின் பக்குவக் கணக்கு அப்படியே. கூடவே கருங்காலிக் கட்டைகள், தந்தம், நீலக் கண்ணாடிக் கட்டிகள். உலோகம் வேண்டுமானால் உலகத்தோடு பேசியாக வேண்டும் என்ற நிலையில்தான் வெண்கலக் கால ஏஜியனின் அரண்மனைகள் வாழ்ந்தன.

அந்த அரண்மனைகளின் குரலைக் கேட்க நமக்கு ஒரு தீ உதவியது.

தென்மேற்கு கிரேக்கத்தில் பைலோஸ் அரண்மனை கி.மு. 1200ஐ ஒட்டிய ஆண்டுகளில் எரிந்து விழுந்தது. அங்கே கணக்கர்கள் ஈரக் களிமண்ணைப் பட்டையாக உருட்டித் தட்டி, கூரான குச்சியால் கீறி, வெயிலில் காயவைப்பது வழக்கம். சூளையில் சுடமாட்டார்கள். ஆண்டு முடிந்தால் நீரில் கரைத்து மறுபடி பிசைந்துகொள்ளலாம். தீ வந்து அந்தக் கடைசி ஆண்டுக் கணக்கைச் சுட்டுச் செங்கல்லாக்கிவிட்டது. 1939இல் கார்ல் ப்ளேகன் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நீண்டு ஒடுங்கிய வகையைத் தொல்லியலாளர்கள் 'ஓலைப் பட்டை' என்றே அழைக்கிறார்கள். கையில் அடங்கும் அளவு, மேலே மெல்லிய கோடுகள், கோடுகளின் மேல் எழுத்து. பின்புறத்தில், பிசைந்து தட்டியவரின் விரல்ரேகை. க்னொஸ்ஸோஸில் கிடைத்த பட்டைகளில் சிறுவர்களின் உள்ளங்கைத் தடங்களையும் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

லீனியர் பி எனப்படும் அந்த எழுத்தைப் பல பத்தாண்டுகள் யாராலும் படிக்க முடியவில்லை. அமெரிக்கரான ஆலிஸ் கோபர், சொற்களின் கடைசி எழுத்துகள் ஒரு ஒழுங்கில் மாறுவதைக் கண்டு, இது வேற்றுமை உருபு ஏற்கும் மொழி என்று காட்டினார். விடை கைக்கு எட்டும் முன்பே, 1950இல் இறந்துபோனார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் முடிச்சை அவிழ்த்தார். அது கிரேக்கம்தான் என்பதை முதலில் அவரே நம்பவில்லை. கோபரின் ஆய்வு இல்லாமல் வென்ட்ரிஸின் வெற்றி இல்லை என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழ் படிப்பவர்களுக்கு இந்த எழுத்தின் சங்கடம் சட்டென்று புரியும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. படிப்பவர்தான் இடம்பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லீனியர் பி-யில் புள்ளி என்ற ஏற்பாடே கிடையாது, ஒலி எழுத்துகள் எல்லாம் உயிர் அல்லது உயிர்மெய். ஆகவே 'க்னொஸ்ஸோஸ்' என்பதை 'கொ-நொ-சொ' என்று எழுதினார்கள். ல-வுக்கும் ர-வுக்கும் ஒரே எழுத்து. கிரேக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை அது. கிரீட் தீவின் மினோவர்கள் தங்கள் மொழிக்கென்று உருவாக்கிய லீனியர் ஏ எழுத்தை வாங்கி உடுத்திக்கொண்டது.

பட்டைகளில் காவியம் இல்லை. கோகலோஸ் என்பவர் எவ்மேதஸ் என்ற வாசனைத் தைலக்காரருக்கு ஒலிவ எண்ணெய் திருப்பித் தந்தது, இன்னொருவர் 38 ஜாடிகள் கொடுத்தது என்று சரக்குக் கணக்குதான். ஆனால் அந்தச் சரக்குப் பெயர்களைப் பாருங்கள். 'கு-மி-நோ' சீரகம், 'ச-ச-மா' எள், 'கு-ரு-சோ' தங்கம், 'கி-தோ' உடுப்பு. நான்கும் கீழைக்கரையின் செமித்திய மொழிகளிலிருந்து வந்தவை. நெசவு செய்த பெண்களின் பட்டியலில் மிலேட்டஸ், லெம்னோஸ், க்னீதோஸ் என்று ஏஜியனின் கிழக்குப் பக்க இடப்பெயர்கள் வருகின்றன. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய ஆவணங்களே, எழுத்தைக் கிரீட்டிடமும் எள்ளைக் கீழைக்கரையிடமும் உழைப்பை அக்கரையிடமும் வாங்கிக்கொண்டு பிறந்திருக்கின்றன. (அந்த மிலேட்டஸ் பின்னாளில் இயோனியா என்ற வட்டாரத்தின் தலைநகர்போல விளங்கியது. இயோனியர் பெயர்தான் பாரசீகத்தில் 'யௌனா'வாகி, வடமொழியில் 'யவன'மாகி, நம் சங்கப் பாடல்களில் யவனராக வந்து நிற்கிறது.)

இருந்தவர்களை வந்தவர்கள் விரட்டிவிட்டார்களா? 2017இல் 'நேச்சர்' இதழில் வெளியான பழங்கால மரபணு ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. மினோவர்கள், பைலோஸ் போன்ற அரண்மனைகளின் மக்களான மைசீனியர்கள் இரு சாராருக்கும் மூதாதையர் மரபில் முக்கால் பங்குக்குக் குறையாமல், மேற்கு அனத்தோலியாவிலும் ஏஜியனிலும் வாழ்ந்த முதல் விவசாயிகளிடமிருந்து வந்தது. மைசீனியரிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிறு பங்கு வடக்கத்திய மரபு. ஆக, கிரேக்கம் பேசிய மைசீனியர்களின் பாட்டன் பாட்டிகளில் மிகப் பெரும்பாலோர் கிரேக்கம் பேசாதவர்கள். முந்தைய மக்கள் எங்கும் போகவில்லை. மொழியை மாற்றிக்கொண்டு, கடலின் பெயரை விடாமல், அதே கரையில் இருந்தார்கள்.

இனி மலைகள். மலைகள் குறுக்கே நின்று ஊர்களைப் பிரித்ததால்தான் கிரேக்கத்தில் பேரரசு வளராமல் நூற்றுக்கணக்கான நகர அரசுகள் முளைத்தன என்று பாடநூல்கள் சொல்கின்றன. நானும் அப்படியே நம்பி இருந்தேன். பைலோஸ் பட்டைகள் அதைக் கலைத்துவிட்டன. அந்த அரசு தன் நாட்டை 'ஐகாலியோன் மலைக்கு இப்பால்', 'அப்பால்' என்று இரண்டு மாகாணங்களாக வைத்திருந்தது. இப்பால் ஒன்பது ஊர், அப்பால் ஏழு ஊர். நட்டநடுவே மலை; இரண்டு பக்கமும் ஒரே அரசனின் வரி. மறுபக்கம் கியா தீவைப் பாருங்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சின்னத் தீவில் பிற்காலத்தில் நான்கு தனித்தனி நகர அரசுகள் இருந்தன. போயோத்தியா என்ற வட்டாரத்தின் சமவெளியிலும் நகர அரசுகளின் ஒரு கூட்டமே இருந்தது. மலை ஒரு சாத்தியத்தைத் திறந்து வைத்தது என்று சொல்லலாம். அதில் யார் எப்போது நுழைந்தார்கள் என்பதை வரலாறுதான் முடிவு செய்தது.

நுழைந்தது அரண்மனைகள் எரிந்தபின். எழுத்து மறைந்தது, பெரிய கட்டடங்கள் நின்றுபோயின. மேலே இருந்த 'வனக்ஸ்' என்ற பேரரசன் போனபின், மிஞ்சியவர்கள் உள்ளூர்த் தலைவர்கள். பைலோஸ் பட்டைகளில் 'க்வ-சி-ரே-உ' என்று ஒரு சொல் வரும். வெண்கலக் கொல்லர் குழுவுக்குப் பொறுப்பான மேஸ்திரி போன்றவர். அந்தச் சொல்தான் பிற்காலக் கிரேக்கத்தில் 'பசிலியுஸ்', அதாவது அரசன். அதுவும் கிரேக்க வேர் காணாத சொல்லே.

நானூறு ஆண்டுகள் எழுத்தில்லாமல் போன பின், கீழைக்கரையின் ஃபினீசிய வணிகர்களிடமிருந்து 22 எழுத்துகள் வந்தன. அவை எல்லாமே மெய். ஃபினீசிய மொழியில் சில எழுத்துகள் தொண்டையில் பிறக்கும் ஒலிகளுக்கானவை. கிரேக்க நாவில் அவற்றுக்கு வேலை இல்லை. சும்மா கிடந்த அந்த எழுத்துகளை உயிருக்கு எடுத்துக்கொண்டார்கள். மாட்டுத் தலையைக் குறித்த 'ஆலெஃப்' ஆல்ஃபா ஆனது. கி.மு. 740 வாக்கில், ஏதென்ஸ் நகரின் ஒரு குடுவையில் யாரோ நடனக்காரருக்குப் பரிசென்று அந்தப் புதிய எழுத்தில் செய்யுள் கீறினார். அரண்மனைக் காலத்தில் கணக்குக்கு மட்டும் பயன்பட்ட எழுத்துக்கலை இப்போது ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் வந்துவிட்டது.

அதே எழுத்தைக் கிரீட்டின் கிழக்கு முனையில் ப்ரைஸோஸ் ஊரார் கல்லில் செதுக்கினார்கள். ஒவ்வொரு எழுத்தையும் நம்மால் உச்சரிக்க முடிகிறது. மொழி கிரேக்கம் இல்லை, என்ன மொழி என்றும் பிடிபடவில்லை. மினோவர்களின் லீனியர் ஏ பட்டைகளும் அப்படித்தான். லீனியர் பி வழியாக ஒலியை ஓரளவு ஊகிக்கலாம், பொருள் திறக்கவில்லை. உறுதியாகத் தெரிந்த சொற்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று பட்டியல்களின் அடியில் வரும் 'கு-ரோ'. அதன் மேலே உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தால் பல பட்டைகளில் பக்கத்தில் எழுதியிருக்கும் எண் கிடைக்கிறது. 'கு-ரோ' என்றால் மொத்தம்.