தீபாவளிக் கறி கெடாமல் இருக்க

தாய்மார்களே, தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போய்த் துணிமணி வாங்குவோம். பசாரில் ஆட்டிறைச்சியும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவோம். பண்டிகைக்கென்று காசு சேர்த்து வாங்கும் கறி வீணாகலாமா? கெட்ட கறியைத் தின்று பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் துவண்டால் பண்டிகையே பாழாகிவிடுமே!

நம் நாட்டு வெப்பத்தில் கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடும். ஆகவே, கறியைக் கடைசியாக வாங்குங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் அது வெளியே இருக்கக்கூடாது. கொளுத்தும் வெயிலில் 1 மணி நேரம்தான். தொலைவிலிருந்து வருவோர் ஐஸ் கட்டி போட்ட பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள்.

வீடு வந்ததும், ஒருவேளைச் சமையலுக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் இரத்தநீர் மற்ற உணவில் சொட்டும். 4 டிகிரிக் குளிரில் துண்டுக்கறி 3 நாள் தாங்கும்; ஈரலையும் கொத்துக்கறியையும் மறுநாளே சமைத்துவிடுங்கள். அதற்குமேல் வைக்க வேண்டுமானால் ஐஸ் அறையில் உறைய வையுங்கள். உறைந்தால் கிருமி சாகாது, உறங்கும், அவ்வளவே! எனவே சமைப்பதற்கு முதல்நாள் இரவே அடித்தட்டுக்கு இறக்கி இளகவிடுங்கள், மேசைமேல் வைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

பெட்டியில்லாத காலத்தில் நம் பாட்டிமார் உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போட்டார்கள். உப்பும் வெயிலும் ஈரத்தை இழுத்துவிடும். ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. படிக்காத பாட்டிக்குத் தெரிந்த விஞ்ஞானம் இது!

வாடை இல்லையென்பதற்காக நல்ல கறி என்று நம்பிவிடாதீர்கள். சந்தேகமென்றால் கொட்டிவிடுங்கள். போன காசை மறுபடி சம்பாதிக்கலாம். பிள்ளையின் உடம்பை அப்படிச் சம்பாதிக்க முடியுமா?