கத்திரி வெயிலில் பாறை ஏற்றம்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தாருக்குச் சில கணக்குகள்

வடக்கே பெண்ணையாறும் தெற்கே கொள்ளிடமும் வண்டலைக் கொட்டி உருவாக்கிய கடலூர், சிதம்பரம் சமவெளியில் பாறை ஏற்றம் பயில்வதற்கு ஏற்ற செங்குத்துப் பாறை ஒன்றுகூட இல்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததே. நிலவியல் நூல்களில் 'கடலூர் மணற்கல்' என்று ஊரின் பெயராலேயே வழங்கும் பாறை அடுக்கு ஒன்று உண்டு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும், திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பொதிந்து வைத்திருப்பதும், கடலூரை ஒட்டிக் கேப்பர் மலையாகச் சிவந்து நிற்பதும் அதுவே. ஆனால் பல இடங்களில் அது எளிதில் உதிரக்கூடிய மென்கல்லாக இருப்பதால், ஆளின் எடையை நம்பி அதில் ஓர் ஆணியைக்கூட அடிக்க முடியாது.

ஆணியின் உறுதியை நம்பி நடப்பதுதான் 'ஸ்போர்ட் கிளைம்பிங்' எனப்படும் விளையாட்டுப் பாறை ஏற்றம். பாறையைத் துளையிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் 'போல்ட்' எனப்படும் எஃகு ஆணிகளை நிலையாகப் பதித்திருப்பார்கள். ஏறுபவர் கையாலும் காலாலும் மட்டுமே மேலே செல்வார். ஒவ்வோர் ஆணியையும் எட்டியதும் தம் இடுப்புவாரில் கட்டிய கயிற்றைக் கொக்கி ஒன்றின் வழியே அதில் மாட்டிக்கொள்வார். கீழே நிற்கும் துணைவர் அக்கயிற்றைத் தளர்த்தியும் இறுக்கியும், தவறி விழுந்தால் தாங்கிப் பிடித்தும் காப்பார். துணைவரின் இந்தப் பணிக்குப் 'பிலே' என்று பெயர். டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்ற பிறகு, செயற்கைச் சுவர்களில் பழகிய நகரத்து இளைஞர்கள் உண்மைப் பாறையைத் தேடிப் புறப்படுவது இயல்பாகிவிட்டது. பள்ளி, கல்லூரி விடுமுறை மே மாதத்தில், அதாவது கத்திரி வெயிலில் வாய்ப்பதுதான் அவர்களின் இக்கட்டு.

கடலூர்க்காரருக்கு முதலில் கண்ணில் படுவது செஞ்சிக் கோட்டைதான். பாறை அருமையானதுதான், எனினும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளின் மேல் அமைந்த அக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே படிகளில் ஏறிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே பயணம் கர்நாடகத்தை நோக்கியே அமைகிறது. பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரம், சாவனதுர்கா ஆகிய கருங்கற் குன்றுகள் ஓரிரவுப் பயணத் தொலைவில் உள்ளன. சாளுக்கியர் குடைவரைகளால் பெயர்பெற்ற பாதாமியின் சிவந்த மணற்கற் சுவர்கள் அங்கிருந்து இன்னும் ஓரிரவு தள்ளி இருக்கின்றன. ராமநகரத்தின் ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயமாதலால், வனத்துறையின் விதிகளைக் கேட்டறிந்த பின்பே இடத்தைத் தேர்ந்தெடுப்பது முறை. பாதாமியிலும் குடைவரைகளும் கோயில்களும் உள்ள பாறைகள் ஏறுவதற்கு உரியவை அல்ல.

எந்தப் பாறை என்பதைவிட, அப்பாறை எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதே கோடைப் பயணத்தின் உயிர்நாடி. ஐரோப்பிய நூல்கள் கோடையில் வடக்கு நோக்கிய சுவரில் ஏறுமாறு அறிவுறுத்துகின்றன. கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவு போன்ற இடங்களில் சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கு வானிலேயே நிற்பதால் அது அங்கே சரியான அறிவுரைதான். தென்னிந்தியாவுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் பிழையாகும். சிதம்பரத்தில் ஏப்ரல் 20ஆம் நாளையொட்டிச் சூரியன் நேர் உச்சியைத் தொட்டு, அதன் பிறகு ஆகஸ்ட் 22 வாக்கில் திரும்பி வரும் வரை வடக்கு வானிலேயே உலவுகிறது. பாதாமி இன்னும் வடக்கே இருப்பதால் இக்காலம் அங்கே மே முதல் வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை நீடிக்கிறது. இந்நாட்களில் தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் காலை முதல் மாலை வரை நேர்வெயில் படுவதே இல்லை. வடக்கு நோக்கிய சுவரோ நாள் முழுதும் காய்கிறது. வெளிநாட்டு அறிவுரையை மனப்பாடமாகப் பின்பற்றுவோர் மே மாதத்தில் மிக மோசமான சுவரைத்தான் தேர்ந்தெடுப்பர். இக்கணக்கு செங்குத்தான பாறைக்கே பொருந்தும். சாவனதுர்காவில் காணப்படுவது போன்ற சாய்ந்த பரப்பு எத்திசை நோக்கினும் உச்சி வெயிலுக்குத் தப்பாது. அங்கே விடிந்தவுடன் ஏறத் தொடங்கி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவதே தக்கது. பகலெல்லாம் வெப்பத்தை உறிஞ்சிய கருங்கல் இருட்டிய பின்னும் அதை உமிழ்ந்துகொண்டிருக்குமாதலால், மாலையைவிடக் காலையே மேல்.

வெப்பம் உடலை மட்டுமன்றிப் பிடிமானத்தையும் கெடுக்கிறது. வியர்த்த விரல் வழுக்கும். அதற்காகவே மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் பூசுகிறார்கள். கடலூர்க் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை உலர மறுப்பதை அறிந்தவர்களுக்கு, உள்நாட்டின் வறண்ட காற்று முதலில் இதமாகவே தோன்றும். ஆனால் அந்த வறட்சியில் வியர்வை தெரியாமலே ஆவியாகிவிடுவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்பிட்ட நீர்மோரோ உப்பு, சர்க்கரைக் கரைசலோ அடிக்கடி அருந்த வேண்டும். ஏறுபவரைவிட, அசையாமல் அண்ணாந்து நிற்கும் பிலே துணைவரே வெயிலுக்கு அதிகம் ஆட்படுகிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவர் நிற்கும் இடத்திலும் நிழல் வேண்டும். பேச்சுக் குழறுவதும் குழப்பமும் வெப்பத்தாக்கத்தின் அடையாளங்கள். அத்தகையவரை உடனே நிழலில் கிடத்தி, நீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

பாறை விளிம்புகளுக்கு அடியில் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீ, இந்தியப் பாறைகளில் வெயிலுக்கு நிகரான ஆபத்து. கூடு கண்ணில் பட்டால் அந்தத் தடத்தை விட்டுவிட வேண்டும். அருகில் புகை மூட்டுவதும் இரைச்சலிடுவதும் கூடாது. கோடை மழைக்குப் பின் மணற்கல்லைத் தொடாதிருப்பதும் கட்டாயம், ஏனெனில் நீர் உறிஞ்சிய மணற்கல் வலுவிழந்து பிடிகளோடு பெயர்ந்து வரும். கடலோர வீடுகளுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: உப்புக்காற்று அலுமினியக் கொக்கிகளை அரிக்கும். அவற்றை நன்னீரில் கழுவி உலர்த்தி, நைலான் கயிற்றை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

பாதாமியில் பாறை ஏறுவோர் கூடும் பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மே விடுமுறையில் ராமநகரத்து அதிகாலைகளோடு நிறைவடைந்து, பாதாமியை டிசம்பர் அரையாண்டு விடுமுறைக்கு ஒத்திவைப்பதே கடலூர், சிதம்பரம் வட்டாரத்து இளைஞர்களுக்கு ஏற்ற திட்டம். எப்போது சென்றாலும், தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.